லேப்டாப்புக்கு அடியில் மீன்

மாலை ஐந்து மணிக்கு இன்னும் ஏழு மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தன. அதற்குள் குணவதி பன்னிரண்டு பக்கங்களைப் படித்து முடிக்க வேண்டும்.

பன்னிரண்டே பக்கம். அதிலும் பாதி படம். ஆனால் முதல் பக்கத்திலேயே எல்லாம் நின்றுவிட்டது. 'அடுத்து' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குணவதி மவுஸால் பொத்தானைத் தட்டினாள். அன்பாகத் தட்டினாள். பிறகு அதட்டித் தட்டினாள். வட்டம் சுற்றியது.

"சனியனே" என்றாள்.

குணவதி பத்து காவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். தரச் சோதனைப் பிரிவு. பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, ஈயம் சரியாக ஒட்டாதவற்றைத் தள்ளி வைப்பதுதான் வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் கண் கெடவில்லை; முழங்கால் கெட்டுவிட்டது.

இப்போது லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் வந்திருந்தது. லைன் லீடருக்குச் சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடாது. ஆனால் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. குணவதிக்கு அந்த நாற்காலி போதும். சக்கரம் வைத்தது. யாரும் இல்லாதபோது ஒருமுறை அதில் உட்கார்ந்து அரைச் சுற்று சுற்றியும் பார்த்திருந்தாள்.

மேசையில் கம்ப்யூட்டர் இருப்பதால், லைன் லீடர் ஆகிறவர்கள் 'கம்ப்யூட்டர் அடிப்படை' என்ற பாடத்தை ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். வாரம் முழுவதும் குணவதிக்கு இரவு ஷிஃப்ட். அவளுக்கு மிஞ்சியது இந்தச் சனிக்கிழமைதான்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. பிஸ்கட் வாங்கினால்கூட அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். முதல் பக்கத்தையும் மூன்று தடவை படித்துவிட்டாள். கீபோர்டில் எழுத்துகள் இருக்கும் என்று அது சொன்னது.

சரியாகப் பத்து நிமிடம் கழித்துப் பொத்தான் நீலமானது. இரண்டாம் பக்கம் திறந்தது. மவுஸின் படம். மறுபடி சாம்பல். மறுபடி வட்டம்.

குணவதி போனை எடுத்துத் தம்பி தயாளனைக் கூப்பிட்டாள்.

தயாளன் அதே அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே இருந்தான். அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன்களைப் பழுது பார்ப்பவன். ஜெலுத்தோங் வட்டாரத்தில் பாதி வீட்டு ஏர்கோன்களைக் கழுவியவன். எந்த மெஷினாக இருந்தாலும் அவனுக்குத் தெரிந்த நோய் இரண்டுதான்: அழுக்கு, சூடு. கம்ப்யூட்டருக்காக மட்டும் மூன்றாவதாக வைரஸைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"பசியாறிட்டியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"பசியாறுறதெல்லாம் அப்புறம். இதைப் பாரு. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் எடுக்குதுடா."

"பத்து நிமிஷமா, சும்மா ஒரு பேச்சுக்குப் பத்தா?"

"கடிகாரம் வெச்சுப் பார்த்தேன். சுத்தமா பத்து."

தயாளன் உதட்டைப் பிதுக்கினான். "அப்போ வைரஸ்தான்லா. சும்மா ஸ்லோன்னா ஒரு தடவை அஞ்சு, ஒரு தடவை எட்டுன்னு இருக்கும். வைரஸ்தான் டைம் தவறாது."

குணவதி மவுஸில் இருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ரிஃப்ரெஷ் பண்ணியா?"

"அப்படின்னா?"

"ஐயோ அக்கா. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி கழுவிவிடுற மாதிரி. நகரு."

அவன் உட்கார்ந்து ஒரு விசையைப் பதினைந்து தடவை படபடவென்று அடித்தான். திரை பதினைந்து தடவை கண் சிமிட்டியது. பிறகு பாடம் முதல் பக்கத்தில் வந்து நின்றது. கீபோர்டின் படம்.

"அடேய், முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுச்சு!"

"ஃபிரெஷ்ஷா ஆரம்பிக்குது. நல்லதுதானே."

ஃபிரெஷ்ஷாக ஆரம்பித்த பக்கத்தில் வட்டம் சுற்றியது. இருவரும் அதையே பார்த்தார்கள். எட்டாவது நிமிடத்தில் தயாளனுக்குப் பொறுமை போனது. மறுபடி பத்து தடவை மூஞ்சி கழுவிவிட்டான்.

மூன்றாவது கழுவலுக்குப் பிறகு அவன் பாடத்தைச் சுருக்கிவிட்டுப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தான். பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். திரை முழுக்க மீன். குணவதியின் கணவர் ராமதாஸ் பள்ளி வேன் ஓட்டுபவர். விடுமுறை நாட்களில் தூண்டில் போடுவார். பிடித்த ஒவ்வொரு மீனையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே வரிசையாக வைத்திருந்தார்.

"எத்தனை இருக்குக்கா இது?"

"முந்நூறு முந்நூத்தம்பது இருக்கும்."

"ஒரு மேசைமேல முந்நூத்தம்பது மீனைக் கொட்டினா மேசை தாங்குமா? அதான் திணறுது."

முகப்பில் படம் கிடப்பதற்கும் ஒரு பாடம் திறப்பதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஆளில்லை. தயாளன் எல்லா மீன்களையும் ஒரே வலையில் பிடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். குப்பையையும் காலி செய்தான். கம்ப்யூட்டர் காகிதம் கசங்குவது போல் ஒரு சத்தம் போட்டது.

காலையில் பிடித்த மீனைச் சமையலறையில் அறுத்துக்கொண்டிருந்த ராமதாஸ் கத்தியோடு வெளியே வந்தார்.

"என்ன சத்தம்?"

"குப்பையைக் காலி பண்ணேன் மச்சான்."

"என்ன குப்பை?"

தயாளன் கத்தியைப் பார்த்தான். "கொஞ்சம் படம்."

ராமதாஸ் திரையைப் பார்த்தார். நீல வானமும் புல்வெளியுமாக அது சுத்தமாக இருந்தது. அவர் அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"என் ஏழு கிலோ சியாக்காப்?"

இரண்டு வருடத்துக்கு முன் பிடித்த மீன் அது. அன்றே கறி வைத்துத் தின்றாகிவிட்டது. அது ஏழு கிலோ இருந்தது என்பதற்குச் சாட்சி அந்த ஒரு படம்தான்.

"சரி, வேகம் வந்துச்சா?" என்று ராமதாஸ் கடைசியில் கேட்டார்.

மூவரும் வட்டத்தைப் பார்த்தார்கள். அது சுற்றியது.

"இன்னும் இல்ல மச்சான்."

அவர் உள்ளே போனார். அதற்குப் பிறகு சமையலறையில் கத்தி விழுந்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு அப்துல் ஹமீது வந்தார். நாற்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தி, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். மீன் அறுக்கும் சத்தம் கேட்டால் தலையை மட்டும் கொண்டுபோவதற்காக வருவார். அவருக்கு மீன் தலைக்கறி பிடிக்கும். ஆனால் கம்ப்யூட்டரைச் சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் தலையை மறந்துவிட்டார்.

"என்னம்மா பிரச்சினை?"

"பாடம் ஓட மாட்டேங்குது ஹமீது அண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்."

"வேற ஏதாச்சும் ஓடுதா?"

அவரே ஒரு பழைய பாட்டைத் தேடிப் போட்டார். பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது. ஆடியவர்கள் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"பாட்டு நல்லா ஓடுதே தம்பி?"

"பாட்டு லைட்டுண்ணே. கம்பெனி பாடம் வெயிட்டு. அதுல வைரஸ் வேற."

ஹமீது தலையாட்டினார். அது நியாயமாகத்தான் பட்டது. "வைரஸ்னா சொல்றே? காவல் புரோகிராம் எத்தனை போட்டிருக்கீங்க?"

"வாங்கும்போதே ஒண்ணு இருந்துச்சு" என்றாள் குணவதி.

"ஒண்ணா! ஒரு ஆளு எத்தனை வாசலைப் பார்ப்பான்? என் கடையிலயே மூணு கேமரா வெச்சிருந்தேன்மா."

இலவசமாகக் கிடைத்த இரண்டு காவல் புரோகிராம்களை ஹமீதும் தயாளனும் இறக்கினார்கள். பன்னிரண்டரைக்கு மூன்று காவலாளிகளும் வேலையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவுடன் முதல் காவலாளி இரண்டாவதைத் திருடன் என்று பிடித்தான். இரண்டாவது, மூன்றாவதைப் பிடித்தான். மூன்றாவது, உங்கள் கம்ப்யூட்டரில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கோளாறுகள் இருக்கின்றன, பணம் கட்டினால் சொல்கிறேன் என்றான். திரையின் மூலையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின.

அதுவரை மவுஸ் அம்பு சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கை ஓரிடத்தில் நின்றால் அம்பு நாலு விநாடி கழித்து வந்து சேர்ந்தது.

"வேலை செய்யுது பாரு. உள்ள சண்டை நடக்குது" என்றார் ஹமீது திருப்தியாக.

குணவதி கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் பக்கத்தில் கீபோர்டின் படம். அதை இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள்.

அவளுக்குக் குமுதாவின் ஞாபகம் வந்தது. குமுதா நாலாவது லைனில் வேலை செய்பவள். இன்னொரு லைன் லீடர் இடத்துக்கு அவள் பெயரும் இருந்தது. குமுதாவிடம் உதவி கேட்பதற்குப் பதில் இன்னும் பத்தொன்பது வருடம் நிற்கலாம் என்றுதான் குணவதி நினைப்பாள். ஆனால் முழங்கால் அப்படி நினைக்கவில்லை. போன் செய்தாள்.

"குமுதா, அந்தப் பாடத்தை முடிச்சிட்டியா?"

"நேத்தே முடிச்சாச்சுலா."

"எப்படிடி முடிச்சே?"

"நான் ஒண்ணும் செய்யல. திறந்து வெச்சிட்டுச் சோறு ஆக்கினேன். வந்து ஒரு தட்டு தட்டினேன். துணி காயப்போட்டேன். வந்து ஒரு தட்டு. பாசாருக்குப் போயிட்டு வந்து ஒரு தட்டு. அப்படியே முடிஞ்சிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மறந்துட்டேன், நடுவுல கொஞ்சம் தூங்கினேன்."

குணவதி போனை வைத்தாள். "சொல்ல மாட்டேங்குறா, கள்ளி."

"அவங்ககிட்ட என்ன கம்ப்யூட்டர்?" என்று கேட்டான் தயாளன்.

"மகன் வேணாம்னு தூக்கிப் போட்ட பழசு."

"அப்போ கண்டிப்பா ஏதோ டிரிக் இருக்குக்கா. பழசுல ஓடுதுன்னா சும்மாவா?" அவன் லேப்டாப்பின் அடியில் கையை வைத்தான். மூன்று காவலாளிகளும் ஒரே நேரத்தில் வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்ததால் அது தோசைக்கல் மாதிரி இருந்தது. தயாளன் முகம் மலர்ந்தது. கடைசியில் அவனுக்குத் தெரிந்த நோய் வந்துவிட்டது.

"சூடு! நான் முதல்லயே நினைச்சேன். இத்தனை நேரம் வைரஸைப் போயி சந்தேகப்பட்டோம்."

லேப்டாப்பைப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் ஏர்கோன் அங்கேதான் இருந்தது. பதினாறு டிகிரி. மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் ஹமீது தலையணை உறையை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். குணவதி போர்வைக்குள் போனாள்.

"மேல குளுந்துருச்சு. ஆனா சூடு கீழேர்ந்துதானே வருது" என்றான் தயாளன். "கீழேர்ந்து குளுத்தணும். ஐஸ் இருக்கா?"

"ஐஸ் இல்ல. மீன் இருக்கு."

ஃபிரீசரில் இருந்து கல்லாக உறைந்த இரண்டு மீன் பொட்டலங்கள் வந்தன. மெத்தைமேல் ஒரு தட்டு, தட்டின்மேல் மீன், மீன்மேல் லேப்டாப். ராமதாஸ் வாசலில் வந்து நின்று இதைப் பார்த்தார்.

"அது என் மீன்."

"வாடகைக்குத்தான் மச்சான். அரை மணி நேரத்துல திருப்பிக் கொடுத்துடுவேன்."

"படத்தையும் அழிச்சிட்டே. மீனையும் எடுத்துட்டே" என்றார் ராமதாஸ். அவ்வளவு நீளமாக அவர் பேசி மூன்று மாதம் இருக்கும்.

முதல் கால் மணி நேரம் எல்லாருக்கும் வேகம் வந்த மாதிரி இருந்தது. ஹமீது அப்படித்தான் சொன்னார். பிறகு லேப்டாப்பின் சூட்டில் மீன் இளக ஆரம்பித்தது. பொட்டலத்தில் ஒரு ஓட்டை இருந்தது. குணவதி தன் பெயரை அடித்து உள்ளே நுழையப் பார்த்தபோது, பெயருக்குப் பின்னால் ஒரே எழுத்து வரிசையாகத் தானே ஓடியது. நிறுத்த முடியவில்லை. விசிறித் துளையில் இருந்து மீன் வாடை வந்தது.

"அரிசியில வைங்கம்மா! அரிசி ஈரத்தை இழுத்துடும்!" என்றார் ஹமீது.

"லேப்டாப் நுழையிற அரிசிப் பானை உங்க கடையிலதாண்ணே இருக்கு" என்றாள் குணவதி. துண்டால் துடைத்தாள். தலைமுடி காயவைக்கும் மெஷினை வைத்து ஊதினாள். இருபத்தைந்து நிமிடம் ஊதியபிறகு எழுத்து ஓடுவது நின்றது. வாடை நிற்கவில்லை.

மூன்று மணி.

தயாளன் நெற்றியைத் தடவிக்கொண்டு, ஆபரேஷன் அறையில் இருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி பேசினான். "அக்கா, ஒரே வழிதான் இருக்கு. ஃபார்மட்."

"அதுல என்ன ஆகும்?"

"கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும்."

"கடையில நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் குணவதி. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தயாளன் ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எச்சரிக்கையாகக் காட்டியது. அவன் சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனான்.

"டேய், படிச்சிட்டுத் தட்டுடா! என்ன எழுதியிருக்குன்னே பார்க்காம தட்டுறியே!"

"படிச்சா மட்டும் எனக்குப் புரியவா போகுது?"

"புரியுதோ இல்லையோ, படிக்கணும்! எழுதுறவன் மெனக்கெட்டு எழுதியிருக்கான்ல?"

இருபத்தேழு சதவீதம் என்று வந்தது. அரை மணி நேரம் கழித்தும் இருபத்தேழு சதவீதமே இருந்தது.

குணவதி எழுந்து சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்தாள். யாரையும் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததைப் பார்த்துத் தயாளனுக்கே பயம் வந்தது. திங்கட்கிழமை அதே மாதிரி ஒரு சக்கர நாற்காலியில் குமுதா உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்து, துணி காயப்போட்ட கதையைச் சொல்லுவாள். குணவதி அதை நின்றுகொண்டு கேட்பாள்.

ராமதாஸ் கோப்பி கலக்கி அவள் முன்னால் வைத்தார்.

"போன்ல திறந்து பாரேன்."

போனில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்றுதான் அவள் அதுவரை தொடவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் எறும்பைவிடச் சின்னதைப் பார்த்த கண். மூன்று நாற்பதுக்குப் பாடத்தைத் திறந்தாள். முதல் பக்கம். கீபோர்டின் படம். சாம்பல் பொத்தான். வட்டம்.

மூன்று ஐம்பதுக்குப் பொத்தான் நீலமானது.

"போனுமா ஸ்லோ?" என்றாள் குணவதி.

"பரவிடுச்சு" என்றான் தயாளன்.

ஹமீது தன் போனை மேசையில் இருந்து மெல்ல எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ராமதாஸ் தன் போனை எடுத்துக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் வைத்துவிட்டு வந்தார்.

நாலு மணிக்கு மூன்றாம் பக்கம் திறந்தது. அன்று முழுவதிலும் அவள் போன அதிகபட்ச தூரம் அதுதான். தயாளன் ரிஃப்ரெஷ் செய்யக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையில் ஒன்று போட்டாள். பிறகு மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் பத்துப் பக்கம், ஒன்றுக்குப் பத்து நிமிடம். ஐந்து நாற்பது. நாற்பது நிமிடத்தில் நாற்காலி போகிறது.

தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்ப்பது ஆயிஷா. இந்தப் பாடத்தைத் தயாரித்தவளும் அவள்தான். விடுமுறை நாளில் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் குணவதி காலையிலிருந்து இருந்தாள். இனிமேல் மரியாதை பார்த்துப் பிரயோசனமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! நானே உங்களுக்கு போன் அடிக்கலாம்னு இருந்தேன்" என்றது ஆயிஷாவின் குரல். பின்னால் யாரோ டுரியான் பழம் பிளக்கும் சத்தம் கேட்டது. "பாலிக் புலாவ் வந்திருக்கேன், மாமா தோட்டத்துக்கு. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே? முதல் பக்கத்தை மட்டும் இன்னிக்கு நாப்பத்தொரு தடவை திறந்திருக்கீங்கன்னு எனக்குக் காட்டுது."

"ஆயிஷா..."

"'இது கீபோர்ட்'னுதானேக்கா அதுல இருக்கு? ஏதாச்சும் புரியலையா?"

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆயிஷா. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் எடுக்குது. நாங்களும் எல்லாம் செஞ்சு பார்த்துட்டோம். ரிஃப்ரெஷ் பண்ணோம். படத்தையெல்லாம் அழிச்சோம். காவல் புரோகிராம் ரெண்டு கூடுதலாப் போட்டோம். மீன்மேல வெச்சோம்."

"எதுமேல?"

"மீன். ஐஸ் மீன். அப்புறம் ஃபார்மட் பண்ணோம். இப்போ இருபத்தேழுல நிக்குது."

டுரியான் பிளக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அக்கா, அதெல்லாம் செய்யாதீங்கன்னுதான் நாலாவது பக்கத்துல போட்டிருக்கேன்."

"நாலாவது பக்கமா?"

"'உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா?' அதான் தலைப்பு. ரிஃப்ரெஷ் பண்ணா வேகம் வராது, காவல் புரோகிராம் ஒண்ணுக்கு மேல போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், முகப்புல இருக்கிற படத்தால ஒண்ணும் ஆகாது, இலவசமா வேகம் கூட்டித் தர்றேன்னு சொல்றதை நம்பாதீங்க. எல்லாம் எழுதியிருக்கேன். மீனை மட்டும்தான் எழுதல. அது எனக்குத் தோணல."

தயாளன் ஏர்கோனைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்தான். அந்த அறையில் ஏர்கோன் இல்லை.

"நாங்க மூணைத் தாண்டவே இல்லையே ஆயிஷா."

"எப்படித் தாண்டுவீங்க? கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து நிமிஷம் பூட்டு போட்டிருக்கேன். பத்து நிமிஷம் ஆனாதான் 'அடுத்து' அமுங்கும். நடுவுல ரிஃப்ரெஷ் பண்ணா முதல்லேர்ந்து. சும்மா விட்டிருந்தா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். பாடத்துக்கு முன்னாடி வர்ற எம்.டி.யோட வரவேற்புரையில மூணாவது பாராவுல தெளிவாப் போட்டிருக்கே, படிக்கலையா?"

எம்.டி.யின் வரவேற்புரையை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. பிஸ்கட் அட்டையைப் படிக்கிறவர்கள்கூட.

"குமுதாக்கா அழகா முடிச்சிட்டாங்களே."

"அவளைப் பத்திப் பேசாதே."

"சரிக்கா, வருத்தப்படாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு மட்டும் திறந்து வைக்கிறேன். பாஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பொறுமையா முடிங்க. எதையும் தொடாதீங்க."

ஹமீது "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தயாளன் நாற்காலி கிடைத்தது தனக்குத்தான் என்பதுபோல் மூச்சு விட்டான். ராமதாஸ் குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் இருந்து போனை இறக்கினார்.

குணவதிக்கு முதலில் கண் கலங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம், மெல்ல, கோபம் வந்தது. ஒரு சனிக்கிழமை போயிருந்தது. லேப்டாப் போயிருந்தது. மெத்தையில் மீன் தண்ணீர். இனி ஒரு மாதத்துக்குப் புருஷன் ஏழு கிலோ, ஏழு கிலோ என்றே சொல்லிக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும். தம்பியைப் பார்த்தாள். அவன் போதாது.

"ஆயிஷா, வெச்சிடாதே. ஒரு விஷயம் சொல்லு. இந்தப் பத்து நிமிஷப் பூட்டு உன் யோசனையா?"

"என் யோசனை இல்லக்கா. மேலேர்ந்து போடச் சொன்னாங்க."

"அவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த அறிவாளி யாரு?"

"விடுங்கக்கா. அதான் நாளைக்கு வரைக்கும் டைம் கொடுத்துட்டேனே."

"எப்படி விடுறது? வளர்ந்த மனுஷங்களைச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பக்கத்துக்குள்ள பூட்டி வைக்கிறதா? படிக்கத் தெரியாதா எங்களுக்கு? எங்க வீட்டு வேலையை யாரு செய்வா?"

"அக்கா, ஸ்பீக்கர்ல இருக்கீங்களா?"

"இருக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும். நான் எம்.டி.க்கு லெட்டர் எழுதப் போறேன். இந்த யோசனையைக் கொடுத்த ஆளை முதல்ல கூப்பிட்டு விசாரிங்கன்னு எழுதப் போறேன். பேரைச் சொல்லு."

"வேணாம்க்கா."

"பேரைச் சொல்லு ஆயிஷா. பயப்படாதே, நான் இருக்கேன்."

"அக்கா, போன வருஷம் யோசனைப் பெட்டியில நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதி, 'எவளும் படிக்காமத் தட்டிக்கிட்டே போறாளுங்க, பத்து நிமிஷம் பூட்டி வைங்க'ன்னு போட்டது நீங்கதானே, அதைப் படிச்சிட்டுத்தானே லைன் லீடருக்கு உங்க பேரையே எம்.டி. எழுதினாரு!"